பெஞ்சுக்கு அட்டை வைத்த இன்ஜினியர்

கடலூர் மாவட்டமே கொஞ்சம் சாய்வாகத்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்ன ஒரே மனிதர் ரசமட்டம். கொத்தனார்கள் சுவருக்கு வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் குமிழி ஓடும் ரசமட்டக் கட்டை, அது எந்நேரமும் அவர் பேண்ட் பாக்கெட்டில் இருக்கும். டீக்கடை மேசை, சலூன் நாற்காலி, எதுவானாலும் அதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அவருடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு கல்யாணத்தில் மேடை மாப்பிள்ளை பக்கம் இரண்டு விரல் சாய்கிறது என்று சொல்லிவிட்டார். பெண் வீட்டார் அதையே பிடித்துக்கொண்டார்கள். முகூர்த்த நேரத்தில் நான்கு பேர் மேடைக்கு அடியில் படுத்துப் பலகை சொருகினார்கள். தாலி கட்டி முடிந்ததும் மறுபடி கட்டையை வைத்துப் பார்த்தார். "இப்போ பொண்ணு பக்கம் ஒரு விரல் ஜாஸ்தி. பரவால்ல, அப்படியே இருக்கட்டும்."

சிதம்பரம் பைபாஸில் இருக்கும் என் பங்சர் கடை பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. தினமும் வந்ததும் டியூப் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு துண்டு கிழித்து, மடித்து, அந்தக் காலுக்கு அடியில் வைப்பார். குமிழி நடுவுக்கு வந்த பிறகுதான் டீ. சாயங்காலத்துக்குள் அட்டை நசுங்கிவிடும். மறுநாள் புது அட்டை.

ஆள் வேளாண் பொறியியல் பட்டதாரி என்பதை நான் வெகுநாள் நம்பவில்லை. என் மகள் கயல் அதே படிப்பைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நான் எட்டாவதோடு நின்றவன். காற்று அடித்து அனுப்பிய வண்டிகூட கண்ணை விட்டு மறையும் வரை நின்று பார்க்கிற ஆள். இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்? காலேஜ் கவுன்சிலிங்கில் விருப்பப் பட்டியலைப் பூட்ட அன்று மாலை ஐந்து மணி கெடு. நான் போன் செய்யும் வரை பூட்டாதே என்று கயலிடம் சொல்லிவிட்டு, கடையைச் சாத்திவிட்டு, ரசமட்டத்தின் பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டேன். இந்த மனிதர் நாள் முழுக்க என்னதான் செய்கிறார் என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

முதலில் பண்ருட்டி. ஒரு முந்திரிக் கம்பெனியில் பருப்பு காய வைக்கும் டிரையர் ஒரு பக்கம் கருக்கியது, மறுபக்கம் ஈரமாகவே விட்டது. உள்ளே கையை விட்டுப் பார்த்தவர், தட்டுகளின் இடைவெளியை மாற்றி, காற்று போகும் வழியைத் திருப்பி வைத்தார். அரைமணி நேரத்தில் பருப்பு ஒரே நிறமாக வந்தது. முதலாளி சந்தோஷத்தில் நாற்காலி போட்டார். இவர் அதன்மேல் கட்டையை வைத்தார். நின்றுகொண்டே டீ குடித்தோம்.

வழியெல்லாம் துருவிக்கொண்டே வந்தேன். கூடப் படித்தவர்களில் ஒருவர் டிராக்டர் கம்பெனியில் வடிவமைப்பாம். ஒருவர் சொட்டுநீர்க் குழாய் கம்பெனி. ஒரு பெண் பேங்க்கில் விவசாயக் கடன் அதிகாரி. இன்னொருவர் பரீட்சை எழுதி அரசாங்கத்தில் உதவிப் பொறியாளர்.

"நீங்க எழுதலயா தம்பி?"

"நாலு தடவ எழுதனேன் மாமா, நாலும் போச்சு. நடுவுல ரெண்டு வருஷம் வேலையே இல்ல. நல்லத மட்டும் கேட்டுட்டுப் போவாதீங்க, இதையும் சேத்துக்குங்க."

எனக்குப் பின் சீட்டிலேயே வியர்த்தது.

அடுத்தது குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் ஒரு வயல். டிராக்டரில் லேசர் கருவி கட்டி, போன வாரம் இவர் சமப்படுத்திக் கொடுத்த நிலம். அன்றைக்குத்தான் முதல் தண்ணீர் பாய்கிறது. முன்பெல்லாம் ஒரு மூலையில் முழங்கால் அளவு நிற்கும், எதிர் மூலை வெடித்துக் கிடக்குமாம். வயல்காரர் மண்வெட்டியை ஊன்றியபடி நின்றார். நானும் கடிகாரத்தை மறந்து நின்றேன். தண்ணீர் எங்கும் தேங்காமல் மெல்லப் பரவி, நான்கு மூலையிலும் ஒரே அளவு நின்றது.

"இத்தன வருஷமா தண்ணி மேலதான் தப்புன்னு திட்டிக்கிட்டு இருந்தேன்" என்றார் வயல்காரர்.

மணி நாலரை ஆகிவிட்டது. "ஒரே வார்த்தையில சொல்லுங்க தம்பி. பொண்ண சேக்கலாமா, வேணாமா?"

ரசமட்டம் வரப்பில் கட்டையை வைத்துக் குமிழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பா இந்த மாதிரி யார் வண்டியிலயாவது ஏறி ஒரு நாள் சுத்திப் பாத்திருந்தார்னா, நான் இதுல சேந்ததுக்காக நாலு வருஷம் எங்கூட பேசாம இருந்திருக்க மாட்டார் மாமா" என்றார்.

நான் கயலுக்குப் போன் போட்டேன். "பூட்டிடும்மா."

"நீங்க வண்டி ஏறனதுமே பூட்டிட்டேன்பா."

கயல் இப்போது இரண்டாம் வருஷம். ரசமட்டம் ஆப்பிரிக்காவில் ஏதோ ஒரு நாட்டில் நெல் வயல்களைச் சமப்படுத்திக்கொண்டிருக்கிறார். அங்கேயும் கல்யாண மேடைகள் இருக்குமே என்பதுதான் என் கவலை.

பெஞ்சு பழையபடி ஆடுகிறது. ஒரு அட்டை வைத்தால் என்ன என்று உட்காருகிறவர்கள் எல்லாம் திட்டுகிறார்கள். கடையில் அட்டைக்குப் பஞ்சமில்லை. அவர் லீவில் வரும்போது இங்கே அவருக்கென்று ஒரு வேலை காலியாக இருக்க வேண்டாமா?