ஜப்ரீன் கோட்டை வாசலில் ஆட்டோடு நின்றவன்

எனக்குப் பாராட்ட வராது. சாப்பாடு நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவேன். மோசமாக இருந்தால் பேசுவேன். வாழ்நாளில் ஒரே ஒரு முறை ஒன்றை வாய்விட்டுப் பாராட்டினேன். அது என் காரின் பின்சீட்டில் ஏறிக்கொண்டது.

எண்பதுகளில் எனக்கு ஓமானில், சோஹாரில் வேலை. என் மனைவி கோமதியின் விசாவைப் புதுப்பிக்க முடியாது என்றுவிட்டான் கம்பெனிக்காரன். (நல்லா இருப்பானா அவன்!) அடுத்த வாரம் அவள் ஊருக்குப் போயாக வேண்டும். அதற்குள் ஜப்ரீன் கோட்டையில் பூக்கள் வரைந்த மரக்கூரையைப் பார்த்தே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு வெள்ளிக்கிழமை விடியுமுன் கிளம்பினோம்.

வழியில் நிஸ்வா. அந்த ஊர்க் கோட்டையின் வட்டக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்ததே தவிர கண்ணை எடுக்க முடியவில்லை. எப்பேர்ப்பட்ட கட்டடம்!

“வெயில் ஜாஸ்தி” என்றேன்.

“ஏங்க, ஒண்ணைப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னா வாயா தேஞ்சுரும்?” என்றாள் கோமதி.

பக்கத்தில் ஆட்டுச் சந்தை. ஆட்களை வட்டமாக உட்காரவைத்து, நடுவில் ஆடுகளைச் சுற்றி நடத்துகிறார்கள். இடுப்பில் வெள்ளிக் குத்துவாள் செருகிய ஒரு பெரியவர் கறுப்பு ஆடு ஒன்றை இழுத்து வந்தார். எனக்கு ரோஷம். ஆட்டைக் காட்டி, “வாஜித் ஜெயின்!” என்று எனக்குத் தெரிந்த அரபியில் கத்தினேன். ரொம்ப நல்ல ஆடாம். (பிறந்ததிலிருந்து முட்டைகூடத் தொடாத சைவப்பிள்ளை சொல்கிறேன்.)

பெரியவர் முகம் மலர்ந்து கயிற்றை என் கையில் திணித்தார். நான் திருப்பி நீட்டினேன். அவர் முகம் சுருங்கியது. டீக்கடை மலையாளி பதறி ஓடி வந்தார்.

“சாரே, வேண்டான்னு சொல்லாதீங்க! நீங்க புகழ்ந்துட்டீங்க, அவர் கொடுத்துட்டார். திருப்பினா அவருக்கு அவமானம்.”

முன்பின் தெரியாதவன் ஒரு சொல் சொன்னதற்கு ஒரு முழு ஆடு! எங்கள் ஊரில் ஒரு கொட்டைப்பாக்குகூடக் கிடைக்காது. பெரிய மனுஷன் அவர்.

ஆடு ஏறியது. அடுத்த ஊரான பஹ்லாவின் மண்மதிலை நாங்கள் வாய்பிளந்து பார்த்த நேரத்தில், கட்டிக்கொண்டு போன புளியோதரையை அது முடித்துவிட்டது.

ஜப்ரீன் வாசலில் காவலாளி, “யல்லா, யல்லா” என்று சீக்கிரம் பார்க்கச் சொல்லி விரட்டினார். தொழுகைக்கு மூடப் போகிறாராம். ஆட்டுக்கு உள்ளே அனுமதி இல்லை. காரில் பூட்டினால் வெந்துவிடும். கோமதி தயங்கினாள்.

“நீங்க இல்லாம நா மட்டும் எப்படிங்க?”

“போட்டீ உள்ள! ஊருக்குப் போய்ட்டா எவன் கூட்டிட்டு வந்து காட்டுவான்?”

போனாள். திரும்பி வரும்போது கண் கலங்கியிருந்தது. சோஹார் வரைக்கும் கூரையில் இருந்த ஒவ்வொரு பூவையும் விவரித்தாள். என் ஆயுளில் குறுக்கே பேசாமல் வந்த ஒரே பயணம் அது. ஆட்டை எங்கள் பலூச்சி வாட்ச்மேனிடம் கொடுத்தோம், அறுக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.

உள்ளே படம் எடுக்க விடாததால், கோமதி வெளியே வந்து எடுத்த ஒரே போட்டோதான் வீட்டு ஆல்பத்தில் இருக்கிறது. கோட்டை அதில் விழவில்லை; நானும் ஆடும்தான். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் என் மகள் அதைக் காட்டுவாள்.

“இதுதான் ஜப்ரீன் கோட்டை. இடது பக்கம் நிக்கிறது அப்பா.”