‘மறுபடி’ சாரும் பிள்ளையார் பூட்டிய பட்டுக்கடையும்

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: பிள்ளையாரின் தும்பிக்கை மறையக் கூடாதே என்ற பக்தியில், கல்யாண சீசனில் ஒரு பட்டுக்கடையையே பூட்டியவன் நான்தான். பூட்டும் சாவியும் இல்லாமல் அதைச் செய்தேன் என்பதுதான் என் திறமை.

அதைத் திறந்தவர் ‘மறுபடி’ சார். எங்கள் கடையின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர். பிரிவில் அவரும் நானும்தான். ஆகவே தலை போக மிச்சமெல்லாம் நான். ஒரு தப்பு நடந்தால் உலகமே அதைச் சரிசெய்யப் பார்க்கும். இவர் ஒருவர்தான் அதைத் திரும்ப நடக்கவைத்து வேடிக்கை பார்க்க ஆசைப்படுவார். காந்தி ரோட்டு டீக்கடைக்காரர் ஒருமுறை இவர் சட்டையில் டீயைக் கொட்டிவிட்டார். பதறிப்போய்த் துண்டோடு ஓடிவந்த மனிதரிடம், “இருப்பா. கிளாஸை எப்படிப் புடிச்சே? மறுபடி ஊத்து, பாக்கலாம்” என்றார். வீட்டுப் படியில் வழுக்கி விழுந்தபோது, எழுந்து மேலே ஏறி, அதே காலை அதே இடத்தில் வைத்து, வெற்றிகரமாக மறுபடி விழுந்தார். “ஈரம் இல்லப்பா, செருப்புதான் காரணம்” என்று மாவுக்கட்டோடு எனக்கு விளக்கினார்.

ஒரு வியாழக்கிழமை, புது பில்லிங் மென்பொருளை எல்லா கவுண்டருக்கும் பொட்டலமாகக் கட்டி அனுப்பும் வேலை எனக்கு வந்தது. செய்முறை எளிது. மென்பொருளை ஏற்றுமுன் கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறதென்று ஒரு பதிவு, ஏற்றியபின் இன்னொன்று. நடுவில் என்னென்ன மாறியதோ அத்தனையும் பொட்டலத்துக்குள் போய்விடும். அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை கடை திறந்தால், ஒவ்வொரு கவுண்டர் திரையிலும் பிள்ளையார். பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியைக் காணோம். கேஷியர் மல்லிகா மானிட்டருக்குக் குங்குமம் வைத்துவிட்டுச் சூடம் தேடிக்கொண்டிருந்தாள்.

“இன்னா மல்லிகா இது?”

“சாமி வந்து ஒக்காந்துக்கினு இருக்குதுண்ணே. பில்லுதான் வரமாட்டேங்குது.”

தென்னேரியிலிருந்து வந்த பெண் வீட்டார் கூறைப்புடவையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். “பத்தரைக்கு ராகுகாலம் மொதலாளி. அதுக்குள்ள பொடவை கைக்கு வரலன்னா வேற கடை பாத்துக்கறோம்” என்றார் பெண்ணின் அப்பா. பில்லைக் கையால் எழுதலாமென்றால், விலை கம்ப்யூட்டருக்குள் இருந்தது; புடவைச் சீட்டில் வெறும் பார்கோடு.

முதலாளி கத்தினார்: “எவன்யா இதைப் பண்ணது? இன்னியோட அவன் வீட்டுக்குப் போயிடட்டும்!”

நான் புடவை கட்டிய பொம்மைக்குப் பின்னால் இன்னொரு பொம்மையாக நின்றேன்.

‘மறுபடி’ சார் வந்தார். திரைகளைப் பார்த்ததும் அவர் முகத்தில் தீபாவளி. என்னை என் இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“நேத்து கட்டின பொட்டலத்தை மறுபடி கட்டு. என் முன்னாடி.”

“சார், ராகுகாலம்...”

“அதான் சொல்றேன், சீக்கிரம் கட்டு.”

நேற்று என் கம்ப்யூட்டரில் ஏற்றியதையெல்லாம் கழற்றிவிட்டு ஆரம்பித்தேன். முதல் பதிவு. மென்பொருள். பிறகு என் கை தானாகவே பிள்ளையார் படத்தை எடுத்து லாகின் திரையில் ஒட்டியது. பாஸ்வேர்டு பெட்டி தும்பிக்கையை மறைத்தது. அதை வலது ஓரத்துக்குத் தள்ளினேன்.

“நிறுத்து. இது இன்னாது?”

“புது வேலை சார், பிள்ளையார் வைக்காம எப்படி? பெட்டியால தும்பிக்கை மறையுது...”

“ரெண்டாவது பதிவு எடுத்தாச்சா?”

“இனிமேதான்.”

என் திரை அகலமானது. கவுண்டர் திரைகள் சின்னவை. அவர் என் திரையை ஜாண் போட்டு அளந்தார். ஓடிப்போய் மல்லிகாவின் திரையையும் அளந்தார்.

“பெட்டி எங்கயும் போகலம்மா. திரைக்கு வெளிய நின்னுக்கினு இருக்குது. எப்பவும் போல பாஸ்வேர்டை அடி.”

“எங்க சார் அடிக்கறது? ஒண்ணுமே தெரியலயே!”

“சாமியைப் பாத்து அடி.”

மல்லிகா கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். பிள்ளையார் விலகினார், பில்லிங் வந்தது. பெண்ணின் அப்பா மானிட்டரைக் கும்பிட்டார். ராகுகாலத்துக்கு முன்பே புடவை படியிறங்கியது.

முதலாளி மட்டும் விடவில்லை. “யாருன்னு சொல்லுய்யா.”

“மறுபடி நடந்தா சொல்றேன் மொதலாளி” என்றார் சார்.

பொட்டலத்தைத் திரும்பப் பெற்றபின் என்னைத் தனியே கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். “மொதல் பதிவுக்கு முன்னாடியே சாமியை வச்சுடுப்பா. உன்கூட இருப்பாரு, பொட்டலத்துல ஏற மாட்டாரு” என்றார். இன்றும் அப்படித்தான் வைக்கிறேன்.

சார் ஓய்வு பெற்று இப்போது வாலாஜாபாத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் போன் செய்து, மழை, முழங்கால் என்று சுற்றிவளைத்துக் கடைசியில் சொல்லியே விட்டேன்.

“அன்னிக்கு நீங்க காட்டிக் குடுத்திருந்தா என் வேலை போயிருக்கும் சார். ரொம்ப தேங்க்ஸ்.”

அந்தப் பக்கம் போனைக் காது மாற்றும் சத்தம் கேட்டது.

“மறுபடி சொல்லு.”