கன்றுக்கும் ஓநாய்க்கும் நல்லவர்

கொலராடோ மலையில் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்ட நாளிலிருந்து, கூடவே இன்னோர் இனமும் பெருகிவிட்டது. ஓநாயின் கழுத்திலாவது அரசாங்கம் ரேடியோப் பட்டை கட்டி, இன்றைக்கு எங்கே படுத்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. இந்த இனம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று காட்ட இதுவரை கருவி வரவில்லை. இரண்டு பக்கத்துக்கும் நல்லவர் என்று இதற்குப் பெயர்.

வெண்டல் கிராஸ்பியை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டுத் தீவனக் கடைக்காரர். காலையில் பண்ணைக்காரர்கள் உப்புக்கட்டியும் முள்கம்பியும் வாங்க வருவார்கள். மதியத்துக்கு மேல், ஓநாய் பார்க்க நகரத்திலிருந்து வந்தவர்கள் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓநாய்ப் படம் போட்ட பனியன் வாங்க வருவார்கள். வாசலில் நிற்கும் வண்டியில் சாணிச் சேறு இருக்கிறதா, சைக்கிள் மாட்டும் கம்பி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெண்டல் தன் முகத்தையே எடுத்து மாட்டிக்கொள்வார்.

“ஓநாயக் கொண்டாந்து விட்டவனக் கூண்டுல போடணும், வெண்டல்.”

“நானும் அதத்தான் சொல்றேன். கூண்டு நம்ம கடையிலயே இருக்கு.”

மதியம்:

“ஓநாய் இல்லாம இந்த மலைக்கு உசுரே இல்லீங்க.”

“நானும் அதத்தான் சொல்றேன். பனியன் பெருசா, நடுத்தரமா?”

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுமாம் விலாங்கு. பாவம், அதற்கு இருப்பது ஒரு தலை, ஒரு வால். வெண்டலிடம் இரண்டும் எல்லா அளவிலும் இருப்பில் இருந்தன.

இப்படிப்பட்டவரைத் தலைவராகப் போடாமல் வேறு யாரைப் போடுவார்கள்? ஓநாய் ஆலோசனைக் குழுவில் பண்ணைக்காரர் மூவர், ஓநாய்ப் பிரியர் மூவர். ஏழாவது நாற்காலிக்கு இரு தரப்பும் ஒரே பெயரைச் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

வசந்தம் வந்தது. லோரெட்டா ஸ்டிம்சனின் மேய்ச்சல் நிலத்தில் கன்றுகள் செத்துக் கிடந்தன. அதிகாரி வந்து, தோலை உரித்துப் பல்தடம் பார்த்து, ஓநாய்தான் என்று உறுதி செய்தார். இன்னும் கன்றுகள் போனால் மந்தையை விற்பதைத் தவிர லோரெட்டாவுக்கு வழியில்லை. அந்த ஓநாய் ஜோடிக்கோ ஓடைக்கரை வளையில் கண் திறக்காத குட்டிகள். சுடுவதா, விடுவதா? பள்ளிக்கூட விளையாட்டரங்கில் குழு கூடியது. மூன்று கைகள் சுடச் சொல்லி எழுந்தன, மூன்று கைகள் விடச் சொல்லி எழுந்தன. எல்லோரும் வெண்டலைப் பார்த்தார்கள்.

லோரெட்டா எழுந்தார். “ஒண்ணாங் கிளாஸ்லேருந்து ஒன்னத் தெரியும், வெண்டல். சுடுன்னு சொல்லு, இல்ல விடுன்னு சொல்லு. எதச் சொன்னாலும் உப்பு ஒங்கடையிலதான் வாங்குவேன். ஏதாவது ஒண்ணச் சொல்லு.”

“எங்களுக்கும் அது போதும்,” என்றார் ஓநாய்ப் பிரியர் மூவரில் ஒருவரான இங்க்ரிட்.

வெண்டல் தன் சொந்தக் கருத்தை உண்மையாகவே உள்ளே தேடிப் பார்த்தார். அங்கே காலையில் வருகிறவர்களும் மதியம் வருகிறவர்களும் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவரைத்தான் காணோம். எனக்கே அப்போது அவர்மேல் இரக்கமாக இருந்தது.

“ரெண்டு பக்கமும் ஞாயம் இருக்கு,” என்று ஆரம்பித்தார். பழைய கார் விற்கும் இடங்களில் காற்றடைத்து ஆடவிடுவார்களே, துணி பொம்மை, அதில் ஒன்றை லோரெட்டாவின் நிலத்தில் நிறுத்தினால் ஓநாய் மிரண்டு ஓடிவிடும், சுடவும் வேண்டாம், கன்று சாகவும் வேண்டாம் என்றார். அரங்கம் கை தட்டியது. லோரெட்டா மட்டும் தட்டவில்லை.

பனைமர உயரத்துக்குச் சிவப்பு பொம்மை நின்றது. தெற்கே ஒரு கும்பிடு, வடக்கே ஒரு கும்பிடு. ஓநாய்கள் கொஞ்ச நாள் தள்ளி நின்று பார்த்தன. பிறகு அதன் நிழலிலேயே படுத்துக்கொண்டன. மிரண்டது மாடுகள்தான். வேலியை முறித்துக்கொண்டு ஓடின, கன்றுகளோடு, நேராக ஓநாய் வளை இருந்த ஓடைக்கரைக்கு. ஓநாய் கன்று மேல் பாய்வதைக் கண்ணால் கண்டால் சுடலாம் என்று சட்டம் இருக்கிறது. லோரெட்டா கண்ணால் கண்டார். விழுந்தது தாய் ஓநாய். கன்றும் பிழைக்கவில்லை.

வெண்டல் இரண்டு வீட்டுக்கும் துக்கம் கேட்கப் போனார். இங்க்ரிட் கதவைத் திறக்கவில்லை. லோரெட்டா திறந்தார். முற்றத்தில் மந்தையை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். துக்க வீட்டுக்கு அந்த ஊரில் கொண்டுபோகிற ஆப்பிள் பணியாரத் தட்டை வெண்டல் நீட்டினார்.

“ஓநாய்க்கு என்ன வேணும்னு அதோட மூஞ்சியிலயே தெரிஞ்சுது, வெண்டல்,” என்றார் லோரெட்டா. “அதனாலதான் சுட முடிஞ்சுது. ஒன்ன என்ன பண்றதுன்னுதான் தெரியல.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அந்த ஏழாவது நாற்காலியில் நீங்கள் இருந்திருந்தால் சுடச் சொல்லியிருப்பீர்களா, விடச் சொல்லியிருப்பீர்களா? என்ன, இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதா? அப்படியானால் ஜாக்கிரதை. உங்கள் ஊரிலும் யாரோ ஒரு குழுவுக்குத் தலைவர் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.