பாண்டீஸ்வரி டீச்சரின் முன்மாதிரிப் புதர்

வீட்டு முன்னால் வளரும் புல் ஒரே மட்டமாக, ஒரே பச்சையாக, ஒன்றுக்கும் உதவாததாக இருக்க வேண்டும் என்பது காமயகவுண்டன்பட்டி போகும் சாலையில் புதிதாக எழும்பிய நகரின் எழுதாத சட்டம். பன்னிரண்டு வீடு, பன்னிரண்டு புல்தரை. கேரளத்து நர்சரியிலிருந்து சதுரம் சதுரமாக வந்திறங்கிய கொரியன் புல்லுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் காட்டினார்கள். ஆடு மேயக் கூடாது, பிள்ளைகள் விளையாடக் கூடாது, உட்கார்ந்தால் அரிக்கும். மற்றபடி அழகுதான்.

பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுக்கும் பாண்டீஸ்வரி டீச்சருக்கு ஒரு கோடையில் இது அலுத்துவிட்டது. புல்லைச் சுருட்டி எறிந்துவிட்டு, வாய்க்கால் கரையிலும் திராட்சைத் தோட்டத்து வேலியோரத்திலும் பொறுக்கிய விதைகளைத் தூவினார். ஐப்பசி மழைக்குத் தும்பையும் கொழிஞ்சியும் மூக்குத்திப்பூவும் முழங்கால் உயரம் எழுந்து பூத்தன. பட்டாம்பூச்சிகள் வந்தன. டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் காப்பியை மறந்து அங்கேயே நிற்பார். அந்தப் பூக்களின்மேல் அவருக்கு அப்படியொரு உயிர்.

பக்கத்து வீட்டு விஜய்பாண்டிக்கு அது பொறுக்கவில்லை. பாம்பு வரும் என்று பேரூராட்சி அலுவலகத்தில் மனு போட்டார். பாம்பு வரவில்லை, நோட்டீஸ் வந்தது. மேற்படி காலிமனையில் மண்டியுள்ள புதரை ஏழு நாட்களுக்குள் அகற்றத் தவறினால் அலுவலகமே அகற்றும் என்றது. டீச்சர் பதறிப்போய் அலுவலகத்து மேற்பார்வையாளர் கர்ணனிடம் ஓடினார்.

“சார், அது காலிமனை இல்ல. அங்கனதான் என் வீடு இருக்கு.”

“புதர் எங்க டீச்சர் மண்டும்? காலிமனையிலதான? புதர் இருக்குன்னு மனுவுல இருக்கு. அப்ப அது காலிமனைதான?”

“புதர் இல்ல சார். நானே விதைச்ச பூந்தோட்டம்.”

கர்ணன் யோசித்தார். விதியில் இடமிருந்தாலொழிய யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர்.

“போர்டு இருக்கா?”

“இல்ல.”

“போர்டு இருந்தாப் பூங்கா, இல்லாட்டிப் புதர். ஒண்ணு வச்சிருங்க, ஃபைலை முடிச்சிர்றேன்.”

அன்று மாலையே ‘முன்மாதிரிக் காட்டுப்பூப் பூங்கா’ என்று போர்டு ஏறியது. பூக்கள் பிழைத்தன. ஆனால் பூங்கா என்றால் திறப்பு விழா வேண்டும், திறப்பு விழா என்றால் மேலதிகாரி வேண்டும், மேலதிகாரி வந்தால் இடம் சுத்தமாக இருக்க வேண்டும். கர்ணன் கூலிக்கு வரும் மொக்கம்மாளையும் இன்னும் நான்கு பெண்களையும் அனுப்பிவைத்தார். நாற்பது வருடமாக நெல் வயலில் களையெடுத்த கைகள். சாயங்காலம் டீச்சர் வந்து பார்த்தபோது வெறும் செம்மண் கிடந்தது.

“ஒரு பூண்டு விடல டீச்சரம்மா. எம்புட்டு நாளா இப்பிடிப் போட்டு வச்சிருந்தீக?” என்றாள் மொக்கம்மாள்.

டீச்சர் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து, மொக்கம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் செம்மண்மேல் பச்சைப் பிளாஸ்டிக் விரிப்பு விரிக்கப்பட்டது. இயற்கையை அதன் போக்கிலேயே விட வேண்டும் என்று மேலதிகாரி விரிப்பின்மேல் நின்று முக்கால் மணி நேரம் பேசி, டீச்சருக்குக் கேடயம் கொடுத்தார். பேப்பரில் படம் வந்தது. தலைமையாசிரியர் பிரார்த்தனைக் கூட்டத்தில் கைதட்டச் சொன்னார். ஒரே வாரத்தில் மற்ற பதினொரு வீட்டிலும் புல் போய், விரிப்பும் போர்டும் வந்துவிட்டன. முதல் ஆள் விஜய்பாண்டி. அவருடைய போர்டில் விளக்கு வேறு எரிந்தது.

கார்த்திகையில் ஒரு மழை. டீச்சர் வீட்டு விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு நாலைந்து தும்பைக் கன்றுகள் எட்டிப் பார்த்தன. டீச்சர் குனிந்து தொட்டுக்கூடப் பார்த்தார். அப்போதுதான் கர்ணன் போன் செய்தார். மாநிலக் கேடயத்துக்குத் தேர்வுக் குழு நாளைக்கு வருகிறதாம். டீச்சர் பெயரும் விஜய்பாண்டி பெயரும் பட்டியலில் இருக்கிறதாம்.

டீச்சர் விரிப்பின் ஓரத்தை இழுத்து அந்தக் கன்றுகளை மூடிப் பார்த்தார். பிறகு மொக்கம்மாளுக்குப் போன் போட்டார்.

“விடியமுன்ன வந்துருங்கக்கா. பக்கத்து வீட்டுக்காரக பாத்துட்டா மானம் போயிரும்.”