சேவலைப் பற்றி இரண்டு வார்த்தை

கையில் ரொட்டிப் பெட்டியோடு பக்கத்து வீட்டு மூங்கில் கேட்டுக்கு முன்னால் நின்றபடி, ஏரோ தான் சொல்லவேண்டியதை வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

'உங்கள் சேவலை வேறு எங்காவது கட்டுங்கள்.'

விஷயம் அவ்வளவுதான். அவனுடைய பின்லாந்தில் இதற்கு ரொட்டியெல்லாம் தேவைப்படாது. அங்கே பக்கத்து வீட்டுக்காரரோடு பேசவேண்டுமென்றால் யார் வீட்டிலாவது தீப்பிடிக்க வேண்டும். அப்போதும் பேச்சு ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்.

ஆனால் இது இலோய்லோ, வெப்பத் தீவு ஒன்றின் கடலோர ஊர். இங்கே திட்டுவதைக்கூடத் தாலாட்டுப் பாடுகிற மாதிரிதான் திட்டுவார்கள். நேராக ஒன்றைச் சொல்லிவிட்டால் ஊரே முகம் சுண்டிப்போகும் என்று ஜோவிலின் எச்சரித்திருந்தாள். கடற்கரையில் இருந்த மீன்குஞ்சுப் பண்ணையில் அவனோடு வேலை செய்கிறவள்.

"நேரா போய்ச் சொன்னீங்கன்னா மனுஷனுக்கு அவமானமா போயிடும் சார். அப்புறம் ஜென்மத்துக்கும் உங்க முகத்துல முழிக்க மாட்டார்."

"அப்போ எப்படித்தான் சொல்றது?"

"முதல்ல திங்க ஏதாவது கொடுங்க. சாப்பிட்டாச்சான்னு கேளுங்க. அப்புறம் சும்மா பேச்சுவாக்குல, 'உங்க சேவலுக்கு நல்ல குரல், விடியக்காலையில எனக்கு நல்லாவே கேக்குது'ன்னு போட்டு வைங்க. சிரிச்சுக்கிட்டே சொல்லணும். அவரே புரிஞ்சுக்குவார்."

ஏரோ கேட்டைத் தட்டினான்.

மனோங் தெரோய் வெளியே வந்தார். 'மனோங்' என்றால் அண்ணன், 'மனாங்' என்றால் அக்கா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வெக்கைக்குப் பனியனை மார்புவரை சுருட்டிவிட்டு, தொப்பைக்குக் காற்று காட்டிக்கொண்டிருந்தார். பின்னாலேயே கையில் கரண்டியோடு அவர் மனைவி மனாங் நெல்தா வந்தாள்.

"அட, சார் ஹீரோ! வாங்க வாங்க! சாப்பிட்டாச்சா?"

ஏரோ என்று எத்தனை முறை சொன்னாலும் அந்தத் தெருவில் யாரும் நம்பவில்லை. அப்படி ஒரு பெயர் இருக்குமா என்று சிரித்துவிட்டு, ஹீரோ என்று திருத்தி வைத்துக்கொண்டார்கள். போதாக்குறைக்கு, அவன் கேட்கவேண்டிய கேள்வியை அவரே முந்திக்கொண்டு கேட்டுவிட்டார்.

"சாப்பிட்டாச்சு மனோங். இது உங்களுக்கு." பெட்டியை நீட்டினான். பிறகு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அந்த அளவுக்குச் சிரித்துப் பழக்கமில்லாததால் கன்னம் வலித்தது. "உங்க சேவலுக்கு... நல்ல குரல். விடியக்காலையில எனக்கு ரொம்ப நல்லாக் கேக்குது."

தெரோய் பெட்டியை வாங்கிக்கொண்டார். மனைவியைப் பார்த்தார். அவள் கரண்டியைப் பார்த்தாள். பிறகு தெரோய் மெதுவாகப் புருவம் இரண்டையும் தூக்கி இறக்கினார். இங்கே அதற்கு அர்த்தம், 'சரி.'

புரிந்துவிட்டது! ஏரோ விசிலடிக்காத குறையாக வீட்டுக்குத் திரும்பினான். இரண்டே வார்த்தை. யாருக்கும் மனவருத்தம் இல்லை.

மறுநாள் விடியலில் அவன் தலைமாட்டிலேயே யாரோ தகரத்தைக் கிழித்த மாதிரி சத்தம் கேட்டது. ஜன்னலைத் திறந்தான். சேவல் ஜன்னலுக்கு நேர் கீழே, வேலியோடு வேலியாகக் கட்டப்பட்டிருந்தது. பக்கத்தில் தெரோய் குத்தவைத்து உட்கார்ந்து அதைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தார். வாய் பிளந்து ஒரு பெரிய கொட்டாவி விட்டார். சேவலுக்காக எவ்வளவு சீக்கிரம் எழுந்திருக்கிறார், பாவம், என்று ஏரோ நினைத்துக்கொண்டான்.

"இப்போ இன்னும் நல்லாக் கேக்குதா சார்?"

"நல்லா... நல்லாவே கேக்குது மனோங்."

"எங்க வீட்டுப் பின்பக்கம் கட்டியிருந்தேன். அங்கேர்ந்து உங்களுக்குச் சரியா கேக்காதேன்னு இடத்தை மாத்திட்டேன்."

அடுத்த வாரம் பண்ணையில் ஏரோ பாதித் தூக்கத்தில் களவா குஞ்சுகளையும் பால்கெண்டைக் குஞ்சுகளையும் ஒரே தொட்டியில் விட்டுவிட்டான். அவன் காபி குடித்துவிட்டு வருவதற்குள் பால்கெண்டைகள் எல்லாம் களவாக்களின் வயிற்றுக்குள் போயிருந்தன. மேலதிகாரி கோபித்துக்கொள்ளவில்லை. தோளில் கைபோட்டு, பாடுகிற குரலில், "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா உங்களை ஊருக்கு அனுப்பவேண்டி வருமேன்னு எனக்குக் கஷ்டமா இருக்கு சார்" என்றார். அது எத்தனை பெரிய மிரட்டல் என்று ஜோவிலின் எடுத்துச் சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"தப்பு உங்க சிரிப்புல. அளவு மீறிடுச்சு," என்றாள் அவள். "இந்தத் தடவை சேவலைப் பத்திப் பேச்சே எடுக்காதீங்க. தலைவலி, தூக்கமில்லைன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை அவரே கூட்டிக் கழிச்சுப் பார்த்துக்குவார்."

ஏரோ மறுபடி கேட்டைத் தட்டினான். இந்த முறை சிரிக்கவே இல்லை.

"தூக்கமே இல்லையா சார்?" தெரோயின் முகம் வாடிப்போனது. "அய்யய்யோ. எனக்குக்கூட இப்பல்லாம்..." என்று ஆரம்பித்தவரை நெல்தா முழங்கையால் ஒரு இடி இடித்தாள். அவர் இருமிவிட்டுப் பேச்சை மாற்றினார். "காரணம் எனக்குத் தெரியும் சார்."

ஏரோவுக்கு உயிர் வந்தது. "தெரியுமா?"

"தனியா இருக்கீங்க! அவ்வளவு பெரிய வீட்டுல ஒண்டியா இருந்தா யாருக்குத் தூக்கம் வரும்? பேயே பயந்துக்கும்!"

"இல்ல மனோங், எனக்குத் தனியா இருக்கிறதுதான் பிடிக்கும்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கம் தலைக்கேறிவிட்டால் மனிதர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று அந்தப் பார்வை சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தெரோய் அவன் வாசலில் நின்றார். கக்கத்தில் ஒரு சிவப்பு இளஞ்சேவல்.

"உங்களுக்குத் துணை," என்றார். "சந்தையில தேடித் தேடி, குரல் பார்த்து வாங்கினேன்."

வேண்டாம் என்று சொல்ல ஏரோ வாயைத் திறந்தான். தெரோயின் கண்கள் சிவந்து கலங்கியிருந்தன. பாசத்தில் கலங்கிய கண்களைப் பார்த்து வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கிக்கொண்டான்.

இதுவரை ஒரு சேவல் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. இப்போது அதற்குப் பதில் சொல்ல ஆள் கிடைத்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கேள்வி, இந்தப் பக்கம் ஒரு பதில். விவாதம் வெயில் ஏறும்வரை நடந்தது, மத்தியானம் கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மறுபடி தொடர்ந்தது. ஏரோ காதில் பஞ்சு வைத்தான், தலையணையைச் சுற்றிக்கொண்டான், குளியலறையில் பாய் விரித்துப் பார்த்தான். உட்கார்ந்தால் எழுந்தான், எழுந்தால் நடந்தான். தொட்டியருகே நிற்கும்போதெல்லாம் எது களவா, எது பால்கெண்டை என்று ஜோவிலினைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டான்.

கடைசியில் ஒரு காலை, இளஞ்சேவலைக் கூடையில் போட்டு எடுத்துப்போய், பண்ணைக் காவலாளி ரோமுலோவிடம் கொடுத்தான்.

"எனக்கா சார்? சும்மாவா?"

"சும்மாதான். என்ன வேணா பண்ணிக்குங்க. குழம்பு வச்சாலும் சரி."

அன்று சாயங்காலம் அவன் நிம்மதியாக மோட்டார் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினால், வாசலில் சின்னக் கூட்டம். நடுவில் தெரோய், கையில் அதே சிவப்புச் சேவல். எதிரே குற்றவாளி போல ரோமுலோ. ரோமுலோ தெரோயின் மூத்த மகனுக்கு ஞானத்தகப்பன் என்பது ஏரோவுக்குத் தெரியாது. இந்த ஊரில் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை, அவனைத் தவிர.

"பாருங்க சார் அநியாயத்தை!" என்றார் தெரோய். "குடும்பத்துல ஒருத்தன்னு நினைச்சேன். உங்க சேவலைத் திருடிட்டுப் போய் குழம்புக்கு மசாலா அரைக்கச் சொல்லியிருக்கான்!"

"சார் கொடுத்தார்னு எத்தனை தடவை சொல்றது?" ரோமுலோ அழுதுவிடுவான் போலிருந்தது.

"பொய்! சார் இதும்மேல உயிரையே வச்சிருக்கார்!"

எல்லோரும் ஏரோவைப் பார்த்தார்கள். உண்மையைச் சொன்னால் தெரோயின் மானம் போய்விடும். சொல்லாவிட்டால் ரோமுலோவின் வேலை போய்விடும். அவன் மூளை தூக்கமில்லாமல் குழைந்துபோயிருந்தது. அதில் கிடைத்த முதல் சொல்லைப் பிடித்து இழுத்தான்.

"நான்தான் கொடுத்தேன். திருட்டு இல்ல. சும்மா... பயிற்சிக்கு."

"பயிற்சிக்கா?"

"ஆமா. பண்ணையில இடம் ஜாஸ்தி. ஓடியாடட்டும்னு... குழம்புன்னு சொன்னது விளையாட்டுக்கு."

கூட்டம் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு தெரோய் பெருமை பொங்க உதட்டைக் குவித்து அவன் பக்கம் காட்டினார். இங்கே யாரும் விரலால் சுட்டுவதில்லை.

"கேட்டீங்களா? சார் சண்டைக்குத் தயார் பண்றார்!"

ஊர்த் திருவிழாவில் சேவற்கட்டு. பெயர் கொடுத்தது யார் என்று ஏரோவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. களத்தைச் சுற்றிப் பலகைகளில் ஊரே ஏறி உட்கார்ந்திருந்தது. எதிராளியின் கறுப்புச் சேவல் மண்ணைக் கீறியது. ஏரோவின் சேவல் அதை ஏற இறங்கப் பார்த்தது, கூட்டத்தைப் பார்த்தது, பிறகு தடுப்பைத் தாண்டிப் பறந்துவந்து ஏரோவின் மடியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

சிரிப்பில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அவமானப்பட்டு எழுந்தவனின் முதுகில் ஊரே தட்டிக்கொடுத்தது.

"பெத்த பிள்ளை மாதிரி ஒட்டிக்கிச்சே சார்!"

"இதை எப்பவும் யாருக்கும் கொடுத்துடாதீங்க!"

அதற்குப் பிறகு தெருவில் போகிற ஒவ்வொருவரும் சேவலுக்கென்று ஒரு கைப்பிடி சோளம் கொண்டுவந்து போட்டார்கள். நல்ல தீனி விழுந்ததில் அதன் குரல் இன்னும் கனத்தது.

"இனிமே ஒரே வழிதான். வீட்டை மாத்துங்க," என்றாள் ஜோவிலின். "அதுக்கும் நேரா காரணம் சொல்லிடாதீங்க. ஆபீஸ்ல மாத்திட்டாங்கன்னு சொல்லுங்க."

செய்தி கேட்டு தெரோய் வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். "வேற இடமா? இங்கேர்ந்து ரொம்பத் தூரமா சார்?" என்றார். அந்தக் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அங்கிருந்து ஏரோ தலை குனிந்தபடி வந்தான். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து, தினமும் அவன் சாப்பிட்டானா என்று விசாரித்தவர் இவர் ஒருவர்தான். சொந்த அண்ணன்கூட வருடத்துக்கு ஒருமுறை குறுஞ்செய்தி அனுப்புவதோடு சரி.

வழியனுப்பு விருந்தைத் தெரோயே ஏற்பாடு செய்தார். தெருவை அடைத்து மேசை போட்டார்கள். நீண்ட ஆயுளுக்கென்று ஒரு அண்டா நிறைய நூடுல்ஸ், முழுதாகச் சுட்ட பன்றி, மாம்பழம். ரோமுலோ மைக்கைப் பிடித்துக் காதல் பாட்டுகள் பாடினான். ஏரோவையும் ஒன்று பாடவைத்தார்கள். அவன் பாட்டைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. இந்த ஊரின் நாகரிகம் எவ்வளவு ஆழமானது என்று அப்போது அவனுக்குத் தெரிந்தது.

எல்லாம் முடிந்து, அவன் மோட்டார் ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்ததும் தெரோய் ஓடிவந்தார். அவர் கையில் பெரிய சேவல். ஜன்னலுக்குக் கீழே கட்டியிருந்த அதே சேவல்.

"சார், இது இனிமே உங்களோடது."

"மனோங்! வேண்டாம். இது உங்க உயிராச்சே!"

"அதனாலதான் கொடுக்கிறேன்," என்றார் தெரோய். "நீங்க ஆசைப்பட்டதை உங்களுக்குக் கொடுக்காம நான் வச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்? வச்சுக்குங்க சார், எனக்காக."

ஏரோவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. தன் உயிரையே பிடுங்கிக் கொடுக்கிற இந்த மனிதரிடமிருந்து ஓடிப்போகிறோமே என்று உள்ளே குறுகினான். அவனுடைய நாட்டில் ஆண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடிப்பதில்லை. அவன் கட்டிப்பிடித்தான். இளஞ்சேவல் ஒரு தொடையில், பெரிய சேவல் மறு தொடையில். ரிக்‌ஷாக்காரன் வண்டியைக் கிளப்பினான். புழுதிக்குள் தெரோய் கையை ஆட்டிக்கொண்டே சிறுத்துப்போனார்.

தெருமுனை திரும்புவதற்குள் பின்னாலிருந்து, "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று மனாங் நெல்தா செருப்புச் சத்தத்தோடு ஓடிவந்தாள். வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொட்டலத்தை அவன் கையில் திணித்தாள். மூச்சு வாங்கியது. திரும்பிப் புருஷன் தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டாள். பிறகு ஏரோவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இத்தனை மாதத்தில் முதல்முறையாக நேராகப் பேசினாள்:

"நீங்க மகராசனா இருக்கணும் சார், இந்தச் சனியன் கத்துற கத்துல தூங்க முடியலைன்னு அவர் இதை விக்க ஆளைக் கூப்பிட்டிருந்த அன்னைக்குத்தான் நீங்க வந்து நல்ல குரல்னு சொன்னீங்க, உங்க ஆசையைக் கெடுக்கக்கூடாதேன்னு இத்தனை மாசமா முழிச்சுக் கிடந்தோம், இன்னைக்குத்தான் நாங்க கண்ணை மூடப்போறோம்!"