தீராத வயிற்று வலி

"ஏனுங்க சார், இந்த நாடகத்துல இருக்கற காதலை மட்டும் எடுத்துப்போட்டு நடத்த முடியாதுங்களா?"

கேட்டவர் கல்லூரித் தாளாளர் அப்புசாமி. பதில் சொல்ல வேண்டியவர் ஆங்கிலத் துறை சந்திரசேகர். இருபத்திரண்டு வருஷமாக அந்த அறையில் நின்றே பேசிப் பழகியவர் என்பதால், எதிரே நாற்காலி கிடப்பது அவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை.

"காதலிச்சுச் சாகறதுதாங்க கதையே. அதை எடுத்துட்டா அட்டைதாங்க மிஞ்சும்."

"அப்ப அந்தச் சாகறதையும் எடுத்துருங்க. பெத்தவங்க வந்து கேக்கறாங்க. நம்ம காலேஜுப் பேரு என்னாகறது?"

அப்புசாமி முன்னாளில் போர்வெல் வண்டி வைத்திருந்தவர். வேண்டாத மண்ணை வெளியே தள்ளினால் தண்ணீர் தானாக வரும் என்பது அவருடைய அனுபவம். இலக்கியத்திலும் அதையே எதிர்பார்த்தார்.

நாடகமோ பல்கலைக்கழகம் வைத்த பாடம். எங்கோ ஒரு தேசத்து ஆற்றின் இரு கரையிலும் இரண்டு பகை வீடுகள். இந்தக் கரைப் பெண்ணும் அந்தக் கரைப் பையனும் காதலிக்கிறார்கள். இரவில் தப்பிக்கத் திட்டமிட்டு ஓடக்காரனிடம் சேதி சொல்லி அனுப்புகிறார்கள். அவன் குடித்துவிட்டுத் தூங்கிப் போகிறான். இருவரும் விஷம் குடித்துச் சாகிறார்கள். 'இளம் காதலும் இலக்கிய உத்திகளும்' என்று பதினாறு மார்க் கேள்வி வருஷா வருஷம் தவறாமல் வரும்.

அப்புசாமியின் பயத்துக்கும் காரணம் இருந்தது. போன வருஷம் இரண்டாமாண்டு ரஞ்சனி வேற ஆளுங்க வீட்டுப் பையன் ஒருவனை விரும்பினாள். ஒரு திங்கட்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை பேப்பரில் வந்தாள். தீராத வயிற்று வலியால் இறந்துவிட்டாள் என்று போட்டிருந்தது. இந்தப் பக்கத்தில் அந்த நோய் பெண்களுக்கு மட்டும் ஏன் வருகிறது, அதுவும் கல்யாணப் பேச்சு எடுத்ததும் ஏன் வருகிறது என்று எந்த டாக்டரும் கேட்டதில்லை. கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் 'வயிற்று வலியால் காலமானார்' என்றே எழுதினார்கள். எழுதிய கை சந்திரசேகருடையது. அவருக்குக் கையெழுத்து அழகு.

"ஆகட்டுங்க, பாத்து நடத்தறேன்," என்றார் சந்திரசேகர். வேறென்ன சொல்ல முடியும் மனுஷனால்? அவருடைய ஒரே மகள் சௌந்தர்யாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை அப்புசாமிக்குச் சொந்தம். கொண்டு வந்தவர் அப்புசாமி, முடிவு செய்தவர் சந்திரசேகரின் அண்ணன் காளியப்பன். தலையாட்டியது மட்டும் சந்திரசேகர். அப்புசாமி முகம் சுளித்தால் வேலையும் போகும், சம்பந்தமும் போகும். அதற்கப்புறம் அண்ணன் முகத்தில் விழிக்க வேண்டும். அதை நினைத்தாலே அவருக்கு வேர்த்துவிடும்.

மறுநாள் மூன்றாமாண்டு வகுப்பில் சந்திரசேகர் முதல் வைத்தியத்தைச் செய்தார். காதல் என்று வந்த இடத்திலெல்லாம் பாசம் என்று போட்டார். 'அவன் அவள் மேல் அளவற்ற பாசம் வைத்திருந்தான்.'

இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் பையன்கள், நடுவே ஒரு லாரி போகிற அளவுக்கு இடைவெளி. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மாடிப்படி. பேசினால் அபராதம். அந்த இடைவெளியைத் தாண்டி முதலில் வந்தது இலக்கியாவின் குரல்.

"அவங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சிங்களா சார்?"

"சேச்சே!"

"பின்ன எதுக்குங்க சார் கையைப் புடிச்சு முத்தம் குடுக்கறான்?"

சந்திரசேகர் பதறிப்போய், "அத்தை மகன், மாமன் மகள். முறைதான், முறைதான்," என்றார். சொன்னதும் அவருக்கே நிம்மதியாக இருந்தது. முறை இருந்தால் அது காதலே இல்லை, வெறும் சொந்தம்தானே.

"அப்ப யாருங்க சார் தடுத்தா? சீர் செஞ்சு கட்டி வெச்சிருப்பாங்களே. எதுக்குச் சாகறாங்க?"

நியாயமான கேள்வி. சந்திரசேகர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு குடும்பத்துக்கும் தடப் பிரச்சினை. தோட்டத்துக்குப் போற வண்டித் தடத்தை அடைச்சுட்டாங்க. கோர்ட்டுல கேசு," என்று அடித்துவிட்டார்.

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. சாயங்காலம் அப்புசாமி கூப்பிட்டனுப்பியபோது புரிந்தது.

"ஏனுங்க சார், எனக்கும் என்ற அக்கா ஊட்டுக்காரருக்கும் தடத்துக் கேசு நடக்கறது உங்களுக்குத் தெரியாதுங்களா? அதைப் போயிக் கிளாஸ்ல நடத்தறீங்களே!"

"ஐயோ, சத்தியமா நாடகத்தைத்தாங்க..."

"பகையே வேண்டாம். எடுத்துருங்க. அந்த விஷத்தையும் எடுத்துருங்க."

"விஷத்தை எடுத்தா அந்தப் பொண்ணு எப்படிங்க சாகறது?"

அப்புசாமி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "வயித்து வலின்னு போட்டுருங்க. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க," என்றார்.

வியாழக்கிழமை கரும்பலகையில், தம் அழகான கையெழுத்தில், 'நாயகி வயிற்று வலியால் இறந்தாள்' என்று எழுதினார் சந்திரசேகர். திரும்பிப் பார்த்தால் ஒரு பேனாவும் அசையவில்லை. மின்விசிறி மட்டும் கடகடத்துக் கொண்டிருந்தது.

கடைசி பெஞ்சில் தமிழரசு எழுந்தான். கெங்கவல்லிப் பக்கத்துக் கூலிக்காரர் வீட்டுப் பையன். போர்வெல் ரிக் வண்டியில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் தாமதமாகப் படிக்க வந்தவன், வயசு இருபத்து மூன்று. வகுப்பில் அவன் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

"சார், செத்ததை நேரா சொல்லாம வேற மாதிரி சொல்றதுக்கு என்னா பேரு சார்? தமிழ்ல மங்கலம்னு படிச்சோம். இங்கிலீஷ்ல யூஃபமிசம். இது அதுதானே சார்?"

சந்திரசேகர் பெண்கள் பக்கம் திரும்பிக் கொண்டார். இரண்டாவது பெஞ்சில் அவர் மகள் சௌந்தர்யா உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. பலகையில் இருந்த எழுத்தையே பார்த்துக் கொண்டிருந்தாள். போன வருஷம் ரஞ்சனிக்கு எழுதியதும் இதே எழுத்து, இதே சுண்ணக்கட்டி. சந்திரசேகருக்கு வெட்கமாக இருந்தது. அப்படியொரு வெட்கம் அவர் வாழ்நாளில் பட்டதில்லை. மணி அடிக்க இருபது நிமிஷம் இருந்தும் வகுப்பை விட்டுவிட்டார்.

அன்று சாயங்காலம் அண்ணன் காளியப்பன், சந்திரசேகரின் வீட்டுக்கு வந்தார். சந்திரசேகரின் மனைவி வசந்தாமணி கொடுத்த காப்பியை ஆற்றிக் குடித்தார். நிச்சயத்துக்குப் பந்தல், சமையல் எல்லாம் பேசி முடித்துவிட்டு, செருப்பை மாட்டும்போது சாதாரணமாகச் சொன்னார்:

"படிக்கற புள்ளை. கண்ணாலம் முடியற வரைக்கும் வயித்து வலி கியித்து வலி வராம பாத்துக்கோ."

"சரிங்ண்ணா," என்றார் சந்திரசேகர். உள்ளறையில் துணி மடித்துக் கொண்டிருந்த சௌந்தர்யாவின் கை நின்றதை அவர் கவனிக்கவில்லை. அவர் காதில் அண்ணன் சொன்னதே ஓடிக் கொண்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை சந்திரசேகர் வகுப்பறைக் கதவைச் சாத்தினார். பலகையைத் துடைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாகத் தாளாளர் சொன்னதைக் கேட்காமல், நாடகத்தை உள்ளபடி நடத்தினார். காதலும் இருந்தது, பகையும் இருந்தது, விஷமும் இருந்தது. அவர் நாடகத்தைப் படிக்கப் படிக்கப் பெண்கள் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

முடித்ததும் சௌந்தர்யா எழுந்தாள். வகுப்பில் அவருக்கு அவள் மகள் இல்லை, முப்பத்தேழாம் நம்பர்.

"அவங்க சாகாம பொழைச்சிருக்க முடியாதுங்களா சார்?"

ஆகா! இத்தனை வருஷத்தில் ஒரு மாணவி கேட்ட முதல் நல்ல கேள்வி, அதுவும் தான் பெற்ற பெண் கேட்டது. சந்திரசேகர் பூரித்துப் போனார். 'துயரத்தைத் தவிர்த்திருக்கக் கூடிய இடங்கள்' என்று தலைப்புப் போட்டு இரண்டு நாள் நோட்ஸ் கொடுத்தார்.

ஒன்று, சேதியை ஒரே ஒரு ஆளை, அதிலும் குடிகாரனை நம்பி அனுப்பியது. இரண்டு, இரவில் கிளம்பியது. "ராத்திரியிலதான் ஊரே காவல் காக்கும். பட்டப்பகல்ல, கூட்டத்துக்கு நடுவுல போயிருந்தா எவன் பாக்கறான்?" மூன்று, நாயகி தன் தகப்பனிடம் வாய்விட்டுச் சொன்னது.

இந்த இடத்தில் சந்திரசேகருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அந்தத் தகப்பன் கெட்டவன் இல்லீங்க. நல்லவன். ஆனா பயந்தவன். பயந்தவன்கிட்ட ரகசியம் நிக்காது. கெட்டவன் கத்தியை எடுப்பான், இவன் அவனுக்குக் கதவைத் திறந்து விடுவான். அந்தப் பொண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அறுபது பேனாவும் ஒரே நேரத்தில் நின்றன. இலக்கியா மெதுவாக, "மூணாவது பாயிண்ட்டை இன்னொருக்காச் சொல்லுங்க சார்," என்றாள். சந்திரசேகர் இன்னும் அழுத்தமாகச் சொன்னார்.

நான்கு, சட்டம் இருக்கிற இடத்துக்கு நேராகப் போகாமல் ஆற்றங்கரையில் காத்துக் கிடந்தது. ஐந்து, கல்யாண நாள் வரை தள்ளிப் போட்டது.

வியாழக்கிழமை இலக்கிய உத்திகள். நாடக முரண் என்றால் என்ன என்று விளக்கினார். "மேடையில நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. பாத்துக்கிட்டிருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும். அதுதான் வேடிக்கை, அதுதான் வேதனை. எங்க, நம்ம வாழ்க்கையிலிருந்து ஓர் உதாரணம் சொல்லுங்க பாக்கலாம்?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொண்டார்கள்.

"இருக்குதுங்க சார். இப்பச் சொல்ல முடியாதுங்க," என்றாள் இலக்கியா.

"பரவால்ல, யோசிச்சு நாளைக்குச் சொல்லு சாமி," என்றார் சந்திரசேகர்.

வராந்தாவில் போன அப்புசாமி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அறுபது பிள்ளைகளும் தலை நிமிராமல் எழுதிக் கொண்டிருந்தார்கள். அன்று மதியம் அவரே சந்திரசேகரைத் தேடி வந்து, "பாத்தீங்களா சார், காதலை எடுத்ததும் பசங்க எப்படிப் படிக்கறாங்கன்னு!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை சௌந்தர்யா ஆதார் கார்டும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டும் கேட்டாள். பரீட்சைப் பாரத்துக்கு என்றாள். பீரோவிலிருந்து ஒரிஜினலாகவே எடுத்துக் கொடுத்தார். "பத்திரம்," என்றார். அவள் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "அப்பா, மாத்திரை போட்டுக்குங்க," என்றாள். காலேஜ் பஸ் ஏறியதை அவரே பார்த்தார்.

மூன்றாம் மணியில் மூன்றாமாண்டு வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தார்.

"முப்பத்தேழு."

நிமிர்ந்து பார்த்தார். இரண்டாவது பெஞ்சில் அவள் இடம் காலியாக இருந்தது. இலக்கியா எழுந்தாள்.

"சௌந்தர்யா இன்னிக்கு லீவுங்க சார். வயித்து வலி."

பதிவேடு கீழே விழுந்தது. சந்திரசேகர் அண்ணனுக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. வீட்டுக்குப் போட்டார்.

"நல்லாத்தானுங்க பஸ் ஏறினா," என்றாள் வசந்தாமணி. "ஏனுங்க? நீங்க கிளம்பினதுமே உங்கண்ணன் காரு இந்த வழியாத்தான் வேகமாப் போச்சு."

அவ்வளவுதான். மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். அத்தனை பிள்ளைகள் பார்க்கிறார்களே என்ற நினைப்பெல்லாம் போய்விட்டது. "என்ற தங்கத்தைக் கொன்னுட்டாங்களா?" என்று வாய்விட்டு அழுதார். "நான்தானே காட்டிக் குடுத்தேன்! நான்தானே சரிங்ண்ணான்னு சொன்னேன்!"

இலக்கியா ஓடி வந்தாள். "ஐயோ சார்! அந்த வயித்து வலி இல்லீங்க சார்! இது சும்மா லீவு வயித்து வலி! அவ உசுரோட இருக்கறா!"

"எங்க?"

"நாமக்கல்லுல, எஸ்.பி. ஆபீஸ்ல. பாதுகாப்புக் கேட்டு மனு குடுத்துட்டு உக்காந்திருக்கறாங்க. கூட வக்கீலம்மா இருக்கறாங்க. அவளும்... தமிழரசும்."

கடைசி பெஞ்சைப் பார்த்தார். அதிலும் ஓர் இடம் காலி.

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

பையன்கள் பக்கமிருந்து ஒரு குரல், "ரெண்டு வருசமாத் தெரியுங்க சார்," என்றது. வகுப்பே பார்த்துக் கொண்டிருக்க, தாம் மேடையில் உட்கார்ந்திருப்பது அப்போதுதான் சந்திரசேகருக்கு உறைத்தது.

போன் அடித்தது. அண்ணன்.

"எங்கடா உன்ற புள்ளை? பஸ் ஸ்டாண்டுல பாத்ததா ஒருத்தன் சொல்றான்."

சந்திரசேகர் கண்ணைத் துடைத்துக் கொண்டார். காலியாக இருந்த இரண்டாவது பெஞ்சைப் பார்த்தபடி, "என்ற முன்னாலதாங்ண்ணா உக்காந்திருக்கறா. பரீட்சை எழுதறா. சாயங்காலம் நானே கூட்டியாறேன்," என்றார். குரல் நடுங்கவே இல்லை. அண்ணன் நம்பி வைத்துவிட்டார்.

வகுப்பு மூச்சு விட்டது. சந்திரசேகர் போனைப் பையில் போட்டார். பிறகு கேட்டார்:

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சாமி? பெத்த அப்பன் நானு."

இலக்கியா தயங்கினாள். கையிலிருந்த நோட்டைத் திறந்தாள், மூடினாள்.

"சொல்லீரலாம்னுதாங்க சார் இருந்தா. நீங்கதான் மூணாவது பாயிண்ட்டுல வேண்டாம்னுட்டீங்க."