அம்மாவை அமுக்கும் பெட்டி

இனிமேல் இந்த வீட்டில் யார் கத்தினாலும் தன் பதிவில் விழாது என்று அப்பா அறிவித்தார். 'யார்' என்று சொல்லவில்லை. கத்துகிற ஆள் அப்போது கடைக்குப் போயிருந்தாள். அதனால்தான் அந்தத் தைரியம்.

அப்பா பின்னறையில் உட்கார்ந்து கதைகளை வாசித்துப் பதிவு செய்கிறவர். எல்லாக் கதையிலும் அம்மாவும் வந்துவிடுவாள். கதாநாயகன் உயிரை விடும் இடத்தில் தொட்டி நிரம்பிவிட்டது, மோட்டாரை நிறுத்து என்று கேட்கும். அம்மாவுக்கோ அந்த அறைமேல் ஒரு கண். அவளுடைய தையல் மெஷின் கூடத்தில் என் படுக்கையை இடித்துக்கொண்டு நிற்கிறது. பின்னறை போனால் அப்பாவுக்கு இந்த வீட்டில் வாயைத் திறக்க வேறு இடம் கிடையாது.

ஆகவே கம்ப்ரசர். ஸ்டுடியோக்களில் சத்தத்தை ஒரே அளவாக்க வைத்திருக்கும் பெட்டி. நாமே கட்டிவிடலாம் என்று அப்பா ஆள் சேர்த்தார். அம்மாவின் தம்பியும் டிவி மெக்கானிக்குமான என் மாமா. இரும்புப் பெட்டியில் துளை போட எதிர்வீட்டு லாரி டிரைவர். வயர்களுக்கு ஈயம் வைக்க, படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருந்த நான். அப்பா தலைவர். எதையும் தொட மாட்டார்.

எனக்கு நிஜமாகவே பயம். உள்ளே கெப்பாசிட்டர்கள் இருந்தன. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்டை உள்ளேயே வைத்திருக்கும். அம்மா கோபத்தை வைத்திருப்பது மாதிரி. தொடும்போது ஒரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும் என்றார் மாமா. இரண்டு கையாலும் தொட்டால் நெஞ்சு வழியாகப் பாயுமாம். அப்பா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே போய் நின்றார்.

முதல்தடவை கரண்ட் கொடுக்கும்போது பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு குண்டு பல்பை மாட்டினோம். பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். மங்கினால் பிழைத்தோம். சுவிட்சை நான்தான் போட்டேன். பளிச்சென்றது. லாரி டிரைவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மெல்ல மங்கியது.

அந்த வெளிச்சத்தில் திரும்பினால், பின்னால் அம்மா.

திட்டியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். கேள்வி கேட்டாள்.

"இது என்னங்க பண்ணும்?"

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அம்மா அவரிடம் விளக்கம் கேட்டதே இல்லை. உரத்த சத்தத்தை அமுக்கும், சன்னமான சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அப்ப நான் கத்தினா?"

"அமுக்கிரும்."

"மெதுவாப் பேசினா?"

"நீ என்னைக்கு மெதுவாப் பேசியிருக்க?"

மாமா அப்பாவின் காலை மிதித்தார். அப்பா காலை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"சரிங்க. என் குரல் விழாம ஒரு கதை முழுசாப் பதிவு பண்ணிக் காட்டுங்க. ரூம் உங்களுக்கு. விழுந்துட்டா எனக்கு."

"தொண்டை கிழியக் கத்திக்கோ" என்றார் அப்பா. நுணலும் தன் வாயால் கெடும். எங்கள் வீட்டு நுணல் கைகூடக் குலுக்கிக்கொண்டது.

எங்களையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தி வாசிக்க ஆரம்பித்தார். அம்மா வெளியே. சத்தமே இல்லை. அம்மா கத்தாத வீட்டில் நான் இருந்ததே இல்லை. மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்பா மட்டும் இன்னும் உரக்க முழங்கி, எங்களைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

முடித்ததும் போட்டுக் கேட்டோம். அவருடைய வீரமெல்லாம் இஸ்திரி போட்ட துணி மாதிரி தட்டையாகக் கிடந்தது. அவர் மூச்சு வாங்கிய இடைவெளிகளில் மட்டும், கதவிடுக்கில் வாய் வைத்து முணுமுணுத்த ஒரு குரல், நம் மடியில் உட்கார்ந்து பேசுவதுபோல் அத்தனை தெளிவாக.

"இளவரசன் வாளை உருவினான்."

"மெஷினை ஜன்னல் பக்கம் போட்டுக்கலாம்."

"பகைவர் நடுங்கினர்."

"இந்த மேசை வெளிய போகட்டும்."

அப்பா மாமாவைப் பார்த்தார். பெட்டியில் பழுதில்லை அத்தான், ரொம்ப நன்றாக வேலை செய்கிறது என்றார் மாமா.

நாலு பேரும் சேர்ந்து தையல் மெஷினைப் பின்னறைக்குத் தூக்கிப்போனோம். கனமான பக்கம் அப்பாவுக்கு.